புள்ளி நோட்டு

முதல் வாரம் முடிந்து நோட்டை நீட்டியபோது அதில் ஒரு புள்ளிகூட இல்லை. பதின்மூன்று வரிகள், வரிக்கு ஏழு கட்டங்கள், எல்லாம் வெள்ளை. எனக்குப் பெருமையாகவே இருந்தது. சபா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நோட்டைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவன். பற்றுப் பக்கம் காலியாக ஒரு பேரேடு வந்தால் அந்த வியாபாரியை நாங்கள் பாராட்டமாட்டோம். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து தேடுவோம்."

நான் மார்த்தாண்டத்துக்காரன். நர்சிங் படித்துவிட்டு, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக ஜெருசலேம் வந்தேன். எங்களை இங்கே 'மெட்டப்பேல்' என்பார்கள், பராமரிப்பவர் என்று பொருள். கேரளத்தவர், நேபாளிகள், இலங்கையர், பிலிப்பைன்காரர்கள் என்று ஊர் முழுக்க இருக்கிறோம். எனக்கு வாய்த்தது கட்டமோன் பகுதியில் ஒரு தரைத்தள வீடு. அதில் ஒரு சக்கர நாற்காலி, நான்கு சுவர் கொள்ளும் புத்தகங்கள், அப்போது எண்பத்தொன்பது வயதான ஒரு மனிதர். வந்த புதிதில் 'சார்' என்றேன். "நான் யாருக்கும் சார் இல்லை" என்றார். அவருடைய பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதைப் பார்த்து நானும் 'சபா' என்று அழைக்க ஆரம்பித்தேன். எபிரேயத்தில் தாத்தா. இருவரும் பேசிக்கொள்வது உடைந்த ஆங்கிலத்தில், நடுநடுவே எபிரேயம் கலந்து.

இந்த நோட்டு என் கைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு துண்டு. குளிப்பாட்டும்போது தண்ணீர் சூடு போதவில்லை என்றார். மாற்றினேன். அதிகம் என்றார். மாற்றினேன். மூன்றாவது முறை வாயைத் திறந்தபோது கையிலிருந்த துண்டைத் தரையில் எறிந்து, அவருக்குப் புரியாத தமிழில் நாலு வார்த்தை சொல்லிவிட்டேன். ஈர உடம்போடு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முதுகை இன்றும் மறக்க முடியவில்லை. வேலை போய்விடும் என்று நினைத்தேன். ராத்திரி அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து, பென்சிலால் ஒரு கட்டத்தில் புள்ளி வைத்தார். "இது எனக்கு வைத்தது. உனக்கும் ஒன்று வேண்டுமானால் கோடு போடக் கற்றுத்தருகிறேன்" என்றார். எறிந்தது நான், புள்ளி மட்டும் எப்படி அவருக்கு? அது புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இந்தப் பயிற்சிக்கு மூசார் என்று பெயர். திருத்தம் என்று சொல்லலாம். யூதர்களிடையே நல்லொழுக்க நூல்கள் நெடுங்காலமாக உண்டு. பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பஹ்யா இப்னு பகூதா அரபு மொழியில் உள்ளத்தின் கடமைகளைப் பற்றி எழுதினார். 1740-இல் ஆம்ஸ்டர்டாமில் மோஷே ஹயீம் லுத்ஸாத்தோவின் நூல் வந்தது. அவற்றைப் படித்துத் தலையாட்டுவதோடு நிறுத்தாமல், நேரம் ஒதுக்கி தினமும் செய்யவேண்டிய வேலையாக்கியவர் லிதுவேனியாவின் இஸ்ராயேல் சலாண்டர். 1883-இல் இறந்தவர். சபாவின் அப்பா, சலாண்டரின் சீடர் ஒருவர் கெல்ம் என்ற சிற்றூரில் நிறுவிய பள்ளியில் படித்தவர். சபா கைக்குழந்தையாக இருந்தபோது குடும்பம் ஜெருசலேமுக்கு வந்துவிட்டது. கெல்மிலேயே தங்கிய உறவினர்கள் 1941-இல் அந்த ஊர் யூதர்களோடு சேர்த்துக் கொல்லப்பட்டார்கள். இதை ஒரே ஒரு முறை சொன்னார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

கட்டம் போட்ட கணக்குமுறை, 1808-இல் லெம்பெர்க்கில் மெனாஹெம் மெண்டல் லெஃபின் வெளியிட்ட 'ஹெஷ்போன் ஹநெஃபெஷ்' என்ற புத்தகத்தில் வருவது. தலைப்புக்கு 'ஆன்மாவின் கணக்கு' என்று பொருள். நாற்பது வருடம் போல் கழித்துச் சலாண்டர்தான் அதை வில்னாவில் மறுபடி அச்சிட வைத்தார். யூதரல்லாத நான் இதைக் கற்றுக்கொள்ளலாமா என்று தயங்கியபோது சபா சிரித்தார். "இந்தக் கட்டங்களே எங்களுடையது இல்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தனக்காகப் போட்டுக்கொண்டவை. நாங்கள் கடன் வாங்கினோம். நீ எங்களிடம் வாங்கிக்கொள்."

முறை எளிது. மன அமைதி, பொறுமை, ஒழுங்கு, உறுதி, சுத்தம், அடக்கம், நீதி, சிக்கனம், சுறுசுறுப்பு, மௌனம், சாந்தம், உண்மை, தன்னடக்கம் எனப் பதின்மூன்று குணங்கள். வாரத்துக்கு ஒன்றைக் குறியாக வைக்க வேண்டும். மற்றவற்றில் தவறினாலும் புள்ளி உண்டு. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. படுக்கப் போகும் முன் கணக்கு. வெள்ளி மாலையே தொடங்கிவிடும் ஷப்பாத் நாளில் சபா எழுதமாட்டார் என்பதால், வெள்ளி, சனி இரண்டுக்குமான புள்ளிகள் சனி மாலை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் விழும். அதுவரை மனதில் சுமக்க வேண்டும். என்னை எழுதக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் அவர் காத்திருக்கும்போது நான் மட்டும் பென்சிலை எடுக்கக் கை வரவில்லை.

குணத்துக்கு எபிரேயத்தில் 'மிதா' என்கிறார்கள். அதே சொல்லுக்கு அளவு என்றும் பொருள். இதைச் சபா எனக்கு அடுக்களையில்தான் விளக்கினார். என் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கெட்ட பொருளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கோபமும் அப்படித்தான் என்று சொல்லலாம்போல இருக்கும். ஆனால் மைமோனிடீஸ் சொல்லமாட்டார்" என்றார். எகிப்தில் மருத்துவராக இருந்து 1204-இல் இறந்த அந்த ஞானி, எல்லாக் குணங்களுக்கும் நடுவழியே நல்லது என்றவர், கர்வத்துக்கும் கோபத்துக்கும் மட்டும் விலக்கு வைத்திருக்கிறார். அவற்றிலிருந்து மறு ஓரம் வரை விலகிவிட வேண்டும். வேறொன்றும் சொல்லியிருக்கிறார்: ஆயிரம் காசை ஒருவருக்கு மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதைவிட, ஒவ்வொன்றாக ஆயிரம் முறை கொடுத்தால்தான் ஈகை கையில் பழகும். அசைவு குறைந்துபோன விரல்களுக்கு நாங்கள் பயிற்சி கொடுப்பதும் இப்படித்தான், ஒரே அசைவை நூறு தரம். அதனால் இந்தப் பேச்சு எனக்கு உடனே பிடிபட்டது. பிடிபட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காலி நோட்டுக்கு அடுத்த வாரம் நேர் எதிராகப் போனேன். பக்கம் பக்கமாக எழுதினேன். நான் பொறுமையற்றவன், என் அப்பாவைப் போலவே ஆகிவிட்டேன், எனக்கு விமோசனம் இல்லை என்று ஒரே ஒப்பாரி. சபா ஆங்கிலத்தில் படித்துக்காட்டச் சொன்னார். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ எழுதியிருப்பது கணக்கு இல்லை, கண்ணீர். எத்தனை மணிக்கு? எந்த அறையில்? வாயா, கையா, முகமா?"

யோசித்துப் பார்த்தேன். மாலை நாலரை மணி. தேநீர்க் கோப்பை. மூன்றாவது முறை சர்க்கரை கேட்டார். நான் உச்சுக் கொட்டினேன்.

"அப்படியென்றால்?"

செய்து காட்டினேன். "ச்சு."

"ஆ, அதுவா? எனக்கு நன்றாகத் தெரியுமே. நாளைக்கு ஆறேழு முறை கேட்கிறேன்" என்றார். நான் உச்சுக் கொட்டுகிறேன் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒட்டிய பிறகு பிரியாமல் நிறுத்த முடிகிறதா? முடியவில்லை. அந்த வாரம் பொறுமை வரியில் நாற்பத்தோரு புள்ளிகள்.

ஆறாவது வாரம் அடக்கம். சலாண்டரின் இன்னொரு சீடர் தொடங்கிய நொவார்தோக் மரபில், மாணவர்கள் வேண்டுமென்றே மருந்துக்கடைக்குப் போய் ஆணி கேட்பார்கள் என்று சபா சொல்லியிருந்தார். பிறர் சிரிப்பதைத் தாங்கிப் பழகுவதற்காக. எனக்கு அது வீரமாகத் தோன்றியது. மாத்திரை வாங்கப் போன இடத்தில் வரிசையில் நின்று, கற்றுவைத்திருந்த எபிரேயத்தில் கால் கிலோ ஆணி வேண்டும் என்றேன். கடைக்காரப் பெண் சிரிக்கவில்லை. கவுண்டரை விட்டு வெளியே வந்து, வெளிநாட்டுக்காரன் பாவம் என்று, இரும்புக்கடைக்கு வழி காட்டினார். பின்னால் நின்ற பெரியவர் கூடவே நடந்து வந்து கடை வாசலில் விட்டுவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் ஆணி வாங்கினேன். வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னபோது சபாவுக்கு இருமல் வரும் அளவுக்குச் சிரிப்பு. அடங்கியதும் கேட்டார்: "வரும் வழியெல்லாம் இதை என்னிடம் எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்தாய், இல்லையா?" பார்த்திருந்தேன். அடக்கம் வரியில் நானே புள்ளி வைத்தேன். அந்த ஆணிகள் இன்னும் சமையலறை டப்பாவில் இருக்கின்றன.

பத்தாவது வாரம் மௌனம். தினமும் மாலை ஐந்து மணிக்கு நாங்கள் பூங்காவுக்குப் போவோம். சக்கர நாற்காலிகள் ஒரு பக்கம் வெயில் காயும். நாங்கள் மெட்டப்பேல்கள் மறுபக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் முதலாளிகளை உரித்து எடுப்போம். யாருடைய மகன் பணம் பிடித்துக்கொள்கிறான், எந்தப் பாட்டி பிஸ்கட்டை எண்ணி வைக்கிறாள் என்று. அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு ஊர். அதை விட்டுவிடச் சொல்கிறார்கள் என்று எனக்குக் கோபம். "நாங்கள் பொய் சொல்வதில்லையே சபா, நடந்ததைத்தான் சொல்கிறோம்" என்றேன். 1873-இல் இஸ்ராயேல் மேயர் ககன் நாவைப் பற்றி மட்டுமே எழுதிய 'ஹஃபேத்ஸ் ஹயீம்' என்ற நூலைக் காட்டினார். அந்த நூலின் பெயரே எழுதியவருக்கும் பெயராகிவிட்டது. பொய்யாகப் பழி சொல்வதற்கு வேறொரு பெயர் இருக்கிறது என்றார். 'லஷோன் ஹரா', தீய நாக்கு, என்பது உண்மையைச் சொல்லிச் செய்யும் கெடுதல். அநியாயத்திலிருந்து ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது வேறு, அதற்கு இடம் உண்டு. சம்பளம் தராதவரைப் பற்றிப் புதிதாக வருபவளை எச்சரிக்கலாம். பிஸ்கட் எண்ணும் பாட்டியைப் பற்றிச் சொல்லி யாரைக் காப்பாற்றுகிறாய்? அந்த வாரம் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். நேபாளத்து நண்பன் எனக்கு வயிற்றுவலி என்று நினைத்தான். நான்காம் நாள் தோற்றேன். அதுவும் சபாவின் மருமகனைப் பற்றியே பேசித் தோற்றேன். இந்த வரியில் இன்றும் நான் தேறவில்லை.

மேலே சொன்னதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. அடுத்தது அப்படி இல்லை.

பன்னிரண்டாவது வாரம் உண்மை, எபிரேயத்தில் எமெத். சபாவின் மாத்திரைப் பெட்டிக்கும் நோட்டைப் போலவே ஏழு அறைகள். வெள்ளிக்கிழமை காலை திறந்தபோது புதன்கிழமை இரவுக்கான இரத்த அழுத்த மாத்திரை அறையிலேயே கிடந்தது. அந்த இரவு ஊரிலிருந்து தங்கை பேசினாள், பணத்தைப் பற்றிச் சண்டை, மறந்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மாத்திரையை எடுத்துக் குப்பையில் போட்டு, மேலே ஆரஞ்சுத் தோலை வைத்து மூடினேன். கை தானாகச் செய்தது. பிறகு அவருடைய இரத்த அழுத்தத்தை எடுத்தேன், வழக்கமான அளவுதான். அப்போதே சொல்லியிருக்கலாம். நல்ல அளவு வந்ததே சொல்லாமலிருக்கக் காரணமாகிவிட்டது.

வெள்ளி இரவு ஷப்பாத், நோட்டைத் திறக்கவில்லை. எமெத் வரிக்கான புள்ளியை மனதில் சுமந்தேன். சனி மாலை நட்சத்திரம் தெரிந்த பிறகு நாற்காலியை ஜன்னலோரம் தள்ளி நிறுத்தினேன். அவர் தன் நோட்டில் புள்ளி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் வைக்க முடியவில்லை. ஞாயிறு கழிந்தது. திங்கள் காலை சவரம் செய்துவிடும்போது, அவர் தாடைக்கு அடியில் என் விரல் இருந்தபோது, சொன்னேன். மெஷினை அணைக்கக்கூட மறந்துபோய், அது இரைந்துகொண்டிருக்கும்போதே சொன்னேன்.

"மறந்ததற்கு இந்த நோட்டில் வரி கிடையாது. டாக்டருக்குப் போன் செய்" என்றார். செய்தேன். பிறகு மகளுக்கும் என்னையே போன் செய்யச் சொன்னார். அந்த அம்மா கத்தினார். கத்தியது நியாயம். ஆளை மாற்ற வேண்டும் என்றார். சபா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரம் அந்த வேலை என்னுடையதா இல்லையா என்று தெரியாமல் நடந்தேன். மகள் ஒரு நாள் வந்து, மாத்திரைப் பெட்டியை என் முன்னால் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அப்புறம் எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் திறந்து பார்த்தார். எனக்காக ஏன் பேசவில்லை என்று பிறகு கேட்டேன். "பேசியிருந்தால் நீ சொன்ன உண்மைக்கு நான் கூலி கொடுத்ததாக ஆகியிருக்கும்" என்றார்.

இரண்டாம் சுற்றில் பொறுமை மறுபடி வந்தது. 'சவ்லனூத்' என்பது எபிரேயச் சொல். நோட்டின் மேல் ஓரத்தில் அதை எழுதும்போது சபா கேட்டார்: "சபால் என்றால் யாரென்று தெரியுமா?" சுமை தூக்குபவன். சவ்லனூத்தும் அதே வேரிலிருந்து வருவது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது, குர்திஸ்தானிலிருந்து வந்த யூதச் சுமைகாரர்கள் முழு அலமாரியை முதுகில் கட்டிக்கொண்டு ஜெருசலேம் மேடுகளில் ஏறுவார்களாம். "அந்த அலமாரி மேல் அவர்களுக்கு அன்பும் கிடையாது, கோபமும் கிடையாது. சுமந்தார்கள். பொறுமை என்றால் எரிச்சலே வராதது என்று நினைக்கிறாய். எரிச்சல் வரும். அதைச் சுமக்க வேண்டும்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் மொழியிலும் அதே கதைதான் என்றேன். பொறை என்றால் பாரம், பொறை என்றால் பொறுமையும்கூட. பொறுத்துக்கொள் என்று சொல்லும்போதெல்லாம் சும என்றுதான் சொல்கிறோம், தெரியாமலே. சபா என்னைத் தமிழில் எழுதச் சொல்லி, தன் நோட்டின் ஓரத்தைக் காட்டினார். பென்சிலால் 'பொறு' என்று எழுதினேன். எங்கள் பக்கத்துச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைப் பற்றியும் சொன்னேன். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தியது. தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் பாரத்தை இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அவர் கேட்டது ஒன்றுதான்: "என்ன உயரம்?" என் தோளைத் தொட்டுக் காட்டினேன். "சரியான மிதா" என்றார்.

ஆள் தூக்கும் முறையை நர்சிங் பள்ளியிலேயே சொல்லித்தந்திருந்தார்கள். முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே, பாரத்தை உடம்போடு ஒட்டி வை. தள்ளிப் பிடித்தால் இருபது கிலோவும் இடுப்பை முறிக்கும். அந்த வாரம் ஒரு ராத்திரி சபா ஐந்து முறை கூப்பிட்டார். நான்காவது தடவை நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டியது. அந்தக் கூப்பாட்டை நான் இத்தனை நாளும் கையை நீட்டித் தள்ளியே பிடித்திருந்தேன் என்று அப்போது உறைத்தது. இவர் ஏன் இப்படி, இந்த வேலை ஏன் எனக்கு என்று தள்ளித் தள்ளி. கட்டிலருகே போய், முழங்காலை மடக்கி, அவரை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினேன். எரிச்சல் இருந்தது, போகவில்லை. நாக்கு மட்டும் சத்தமில்லாமல் கீழே இறங்கியது. ஐந்தாவது தடவை மறுபடி உச்சுக் கொட்டிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. உணவுக்கு முன் கை கழுவுவது அவர்களுக்குச் சடங்கு. நிறையத் தண்ணீர் விடுவது பக்தி என்று கருதப்படும். சபா விதிக்கு வேண்டிய குறைந்த அளவுக்கு ஒரு சொட்டும் கூட்டமாட்டார். சலாண்டரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவரும் இப்படிக் கொஞ்சமாகக் கழுவினாராம். ஏன் என்று கேட்டதற்கு, தண்ணீர் சுமந்து வருவது வேலைக்காரப் பெண், அவள் தோளில் ஏறி நான் பக்தி செய்வதா என்றாராம். எங்கள் வீட்டில் குழாய் இருக்கிறது. ஆனாலும் குவளையையும் கிண்ணத்தையும் படுக்கைக்கு எடுத்துப்போவது நான்தான்.

புத்தாண்டுக்கு முந்தைய ஏலூல் மாதம் அவர்களுக்கு வருடக் கணக்கு முடிக்கும் காலம். அதிகாலையில் தொழுகைக்கூடங்களிலிருந்து ஷோஃபார் கொம்பு ஊதும் சத்தம் ஜன்னலில் வந்து இடிக்கும். யோம் கிப்பூர் நோன்பு கடவுளுக்குச் செய்த தவறுகளைத்தான் கழுவும், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதனிடமே கேட்டுத் தீர்க்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். நோன்புக்கு முந்தைய நாள் சபா என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். நோட்டைத் திறந்து தேதி சொல்லிப் படித்தார். மூன்று இருந்தன. ஒரு நாள் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருந்தும் என்னை எழுப்பியது. ஒரு நாள் என் சமையலை மகளிடம் குறை சொன்னது. மூன்றாவது, குளியலறை. "தண்ணீர் இரண்டாவது முறையே சரியாக இருந்தது. நீ என்ன செய்கிறாய் என்று பார்க்க மூன்றாவது முறை கேட்டேன். அது நீதி வரியில் என் புள்ளி. மன்னிக்கிறாயா?"

மூன்று முறை தலையாட்டினேன், பேச்சு வரவில்லை. பிறகு என் நோட்டை எடுத்துவந்தேன். என் பட்டியலைப் படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் அவர் இரண்டு தடவை தண்ணீர் கேட்டார்.

இப்போது அவருக்கு தொண்ணூற்றொன்று. நோட்டு ஏழாம் சுற்றில் இருக்கிறது. இந்த வாரம் ஒழுங்கு. இன்று செவ்வாய், இதுவரை மூன்று புள்ளிகள்.